காயா ராஜ்யத்துச் சம்பந்திகள்

நடுஜெர்சி நற்றமிழ்ப் பேரவையின் சட்டவிதிகளில் முதல் விதியே, தமிழ்க் குடும்பம் என்றால் என்ன என்பதுதான். கணவனும் தமிழர், மனைவியும் தமிழர், பிள்ளைகள் அந்த இருவருக்கும் பிறந்த தமிழர்கள். இவ்வளவு தெளிவான விதி அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே கிடையாது என்று பேரவைத் தலைவர் செல்வராஜ் ஆண்டுவிழாதோறும் சொல்வார். கூட்டம் கைதட்டும். கைதட்டுகிறவர்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில் அரங்கத்துக்கு வெளியே ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டு பீட்சா தின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். விதி அப்படித்தான் சொல்கிறது.

வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்த ஸ்வர்ணாவுக்கு இந்த விதி தெரியாது. அவள் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருளைச் சோதிக்கும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். அடுத்தவர்கள் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக் கொடுக்கிற காரியத்தில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். கணவன் கிம் ஜுன்ஹோ, பல் டாக்டர், கொரியாக்காரன். ஒரே மகள் தென்றல். அந்தப் பெயரை வைத்தது ஜுன்ஹோ. காற்று என்று அர்த்தம் சொன்னதும் அவனுக்குப் பிடித்துவிட்டது.

தென்றலுக்கு ஆறு வயதானபோது பேரவையின் பொங்கல் விழாவில் பாடுவதற்குப் பெயர் கொடுத்தார்கள். பொங்கல் என்றால் பிப்ரவரிக் கடைசி. அதற்கு முன்னால் பள்ளி அரங்கம் கிடைப்பதில்லை. ஒரு மாதமாகக் குழந்தை காரில் அந்தப் பாட்டு, படுக்கையில் அந்தப் பாட்டு, பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு அந்தப் பாட்டு என்று திரிந்தாள். பட்டுப்பாவாடை கட்டி, ஜடையில் குஞ்சலம் வைத்து, திரைக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். அப்போதுதான் செல்வராஜ் அவளைப் பார்த்தார். உடனே ஸ்வர்ணாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் குழந்தைக்குக் கேட்கிற தூரத்தில்.

“பாப்பா நல்லாத்தான் பாடுதாம். நான் குறை சொல்லல. ஆனா பாரும்மா, இது லைவ் போகுது. ஊர்ல இருந்து பாக்கறாங்க. முகத்தப் பாத்தா நம்ம புள்ள மாதிரி இல்லையேம்மா. பேரவை ஏதோ சைனீஸ் புள்ளயக் கூட்டிட்டு வந்து பாட வெச்சிருக்குன்னு எவனாவது கமென்ட் போடுவான். உனக்குத்தான் மனசு கஷ்டம். உனக்காகத்தான் சொல்றேன்.”

ஸ்வர்ணாவுக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். பேச வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் வரும். அன்றைக்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கார் நகர்ந்ததும் பின்சீட்டிலிருந்து தென்றல் கேட்டாள்: “அம்மா, வாட்ஸ் ராங் வித் மை ஃபேஸ்?”

என்ன ஆயிற்று என்று ஜுன்ஹோ கேட்டதற்கு மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் பேரவைச் செயலாளர் பத்ரியைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் முதல் விதியை ஒப்பித்தார். அந்தப் பொங்கலோடு தென்றல் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். தமிழில் கேட்டால் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். ஸ்வர்ணா மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தாள். அதே செல்வராஜ், அதே மைக்கைப் பிடித்து, தென்றலின் முகத்தைப் பார்த்து, இது நம்ம புள்ள என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்ல வைக்காமல் அவரை விடுவதில்லை. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கொரிய ராணி வந்தாள்.

உண்மையில் அவள் வந்து ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டது. கொரியாவின் தென்கரையில் காயா என்று ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. அதன் ராஜா சுரோ. ஆயுத்தா என்ற தேசத்திலிருந்து ஓர் இளவரசி சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்து அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அந்த ஊர்ப் பழைய ஏடு சொல்கிறது. ஆயுத்தா எங்கே இருக்கிறது என்று மட்டும் சரியாகச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. வடநாட்டுக்காரர்கள் அயோத்தி என்றார்கள். சிலர் தாய்லாந்துப் பக்கம் கைகாட்டினார்கள். அப்படி ஒருத்தி வரவே இல்லை, பிற்காலத்தில் கட்டிய கதை என்று கொரியப் பேராசிரியர்களிலேயே பலர் எழுதினார்கள். ஒருகாலத்தில் ஜப்பானியப் பண்டிதர்கள் சிலர் காயா ராஜ்யமே தங்களுடைய கிளை அலுவலகம் என்று எழுதிவைத்தார்கள். அந்தச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை பேர் அடித்துக்கொள்ளும் இடத்தில் தமிழன் மட்டும் சும்மா இருப்பது தகுமா என்று செல்வராஜ் கேட்டார்.

எடிசனில் இருக்கும் வடநாட்டுச் சங்கம் ஒன்று அயோத்தி அரசிக்கு மார்பளவுச் சிலை திறக்கப்போவதாக அறிவித்த மறுநாள் அவர் கேட்டது இது. அதற்கு முந்தின நாள் வரை காயா என்றால் அவருக்கு மாங்காய், தேங்காய்தான்.

வரலாற்று உண்மையைக் கண்டறியப் பேரவைக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பட்டிமன்றம் வைத்தார்கள். அரசியார் கப்பலேறியது குமரித்துறையிலா, காயல்துறையிலா? குமரி அணி, கொரியர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியது. காயல் அணியும் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கியது. நடுவர் ராமசுப்ரமணியன், எந்தப் பட்டிமன்றத்திலும் யாரையும் தோற்கவிட்டுப் பழக்கமில்லாதவர், தீர்ப்புச் சொன்னார்: “கப்பல் ஏறினது குமரித்துறை. வழிக்குப் புளியோதரை கட்டிக்கிட்டது காயல்துறை. ரெண்டு அணியும் ஜெயிச்சாச்சு. வடக்கத்தி அணி தோத்தாச்சு.” வடக்கத்தி அணி என்று ஒன்று மேடையில் இல்லை. ஆனாலும் தோற்றது. சரித்திரம் அன்றைக்கு மாலை ஏழரை மணிக்கு முடிவாகி, எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அதன் பிறகு அரசி என்ன ஆட்கள் என்ற கேள்வி வந்தது. யாரும் மேடையில் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் கேட்டார்கள். டெக்ஸாஸ் தமிழர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்து மூன்று வாட்ஸாப் குழு தொடங்கி, மூன்று விதமாகப் புடவை கட்டிய மூன்று அரசிகளைப் போட்டார்கள். சான்டா கிளாராவில் இருந்த பொறியாளர்கள், அறிவியல்தான் இதற்கு முடிவு கட்டும் என்று சொல்லி, கணினியை விட்டு அரசியாரின் அசல் முகத்தை வரையவைத்தார்கள். நகைக்கடை விளம்பரத்தில் வருகிற பெண் மாதிரி ஒன்று வந்தது. கழுத்தில் விலைச்சீட்டு ஒன்றுதான் பாக்கி.

செல்வராஜ் விடவில்லை. அரசியாரின் முகத்துக்கென்று ஒரு குழு போட்டார். பேரவையின் ஆண்டுப் பொதுக்குழுவில் அந்தக் குழுவைப் பற்றி அவர் பேசிய பேச்சை ஸ்வர்ணா வீட்டில் யூடியூபில் பார்த்தாள். “தமிழ் முகம் என்றால் என்ன? நண்பர்களே, அதற்கு விளக்கம் தேவையில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். என் தந்தைக்குத் தெரிந்தது. என் பேரன் க்ரிஷ்ஷுக்கும் தெரியும், அவனுக்குத் தமிழ் தெரியாது என்றாலும்.” பத்ரி, மூடப்போகிற துணிக்கடை ஒன்றிலிருந்து வெள்ளைக்காரப் பெண் பொம்மை ஒன்றை வாங்கிவந்தார். குழு அதற்கு மாநிறத்தில் பெயின்ட் அடித்து, மூக்குத்தி ஒட்டி, இதுதான் தமிழ் முகம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மூக்குதான் கொஞ்சம் கூர். ரோமாபுரி வணிகத் தொடர்புக்கு அது சான்று என்று ராமசுப்ரமணியன் சொன்னார்.

வடநாட்டுச் சங்கம் சிலை வைக்கிறது; நாம் என்ன செய்வது? இங்கேதான் செல்வராஜின் மூளை வேலை செய்தது. “சிலை வெக்கறவன் வெக்கட்டும். நாம அரசிக்குக் கல்யாணமே பண்ணி வெச்சிடுவோம். கன்னிகாதானம் பண்ணிக் குடுத்த அப்புறம் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணுன்னு எவன் கேப்பான்?”

ஜூலை நான்காம் தேதி லாங் வீக்கெண்டில், அனைத்து அமெரிக்கத் தமிழ் மாநாட்டின் மைய நிகழ்ச்சியாக அரசியார் திருமணம் என்று அறிவித்தார்கள். செல்வராஜ் பெண்ணின் தகப்பனார். அவர் மனைவி சாந்தாமணி தாயார். தாய்மாமன் பதவிக்கு டெக்ஸாஸிலிருந்து மூன்று பேர் போட்டியிட்டதால் மூன்று தாய்மாமன்கள். சான்டா கிளாராக்காரர்களுக்கு அண்ணன் பதவி. எல்லாம் தயார், மாப்பிள்ளைதான் இல்லை. மாப்பிள்ளை கிம்ஹே ஊர் கிம் வம்சத்தவனாக இருக்க வேண்டும். சுரோ ராஜாவின் வழி வந்தவர்கள் அவர்கள். கொரியத் தூதரகத்துக்குப் பத்ரி போட்ட மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. கொரியச் சங்கங்கள் போனை எடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, மரியாதையாக வைத்துவிட்டன. அழைப்பிதழ் அச்சாகிவிட்ட பிறகு பத்ரிக்கு ஞாபகம் வந்தது.

“சார், அந்த ஸ்வர்ணா ஹஸ்பண்ட் கிம்தானே?”

செல்வராஜும் சாந்தாமணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்கு ஆரஞ்சுப் பையோடு வந்தார்கள். ஸ்வர்ணா காபி கொடுத்தாள். தென்றல் மாடிப்படியில் உட்கார்ந்து கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஸ்வர்ணா, ஆளையே காணோம். பேரவைப் பக்கம் எட்டியே பாக்கறதில்ல. ஏதாவது மனஸ்தாபமா?” என்றார் செல்வராஜ். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. ஸ்வர்ணாவுக்கு அதுதான் அதிகமாக எரிந்தது.

“அப்படில்லாம் ஒண்ணுமில்ல அங்கிள். வேலை.”

“நேரா விஷயத்துக்கு வரேன். கிம் தம்பி நம்ம வீட்டு மாப்பிள்ளை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மாப்பிள்ளை. நமக்குத்தான் இத்தன நாள் தெரியாமப் போச்சு.”

“முதல் விதின்னு ஒண்ணு இருக்குமே அங்கிள்.”

“விதியெல்லாம் சாதாரண ஜனங்களுக்கும்மா. இது சரித்திரம்.”

ஸ்வர்ணாவின் வாய் வழக்கம்போல அடைத்துக்கொண்டது. ஆனால் காதில் ஒரு வார்த்தை நின்றுவிட்டது: மாப்பிள்ளை. அவள் நங்கநல்லூரில் பிறந்து எத்தனையோ கல்யாணம் பார்த்தவள். மாப்பிள்ளை வீட்டார் என்றால் யார், அவர்கள் என்னவெல்லாம் செய்யலாம், பெண் வீட்டார் அதற்கு என்னவெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுடைய பெரியப்பா ஒரு கல்யாணத்தில் காபியில் சர்க்கரை கம்மி என்று மண்டபத்து வாசலில் உட்கார்ந்து முகூர்த்தத்தையே நிறுத்தியவர். அந்த ரத்தம் அவளுக்குள் மெல்லக் கொதித்தது.

“அப்போ நாங்க மாப்பிள்ளை வீடு. நீங்க பொண்ணு வீடு. அப்படித்தானே அங்கிள்?”

“அதுல என்ன சந்தேகம்? பொண்ணப் பெத்தவன் நான். கைகட்டி நிப்பேன்,” என்று செல்வராஜ் நெகிழ்ந்தார். மேடையில்லாத இடத்திலும் அவருக்கு நெகிழ வரும்.

“சரி அங்கிள். வரோம்.”

ஜுன்ஹோவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் யோசித்தான். தனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே என்றான். பெண்ணுக்கு வயது இரண்டாயிரம், உடம்பு பிளாஸ்டிக், பயப்படாதே என்றாள் ஸ்வர்ணா. அப்புறம் அந்தப் பொங்கல் நாளில் மைக் ரிப்பேர் ஆகவில்லை என்பதையும் சொன்னாள். அவன் உடனே, அப்பாவிடம் பேசுவோம் என்றான்.

மாமனார் கிம் பாலிசேட்ஸ் பார்க் என்கிற ஊரில் முப்பது வருஷம் டிரை கிளீனிங் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். அவருக்கும் ஸ்வர்ணாவுக்கும் நடுவில் பாலமாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். ராணி எங்கிருந்து வந்தாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

“தெரியாது. சமாதி எங்கே இருக்கிறது என்று தெரியும். போய்க் கும்பிடுவோம். அவள் எங்கிருந்து வந்தாலும் எங்களுக்குப் பாட்டிதானே. பாட்டியிடம் ஐடி கார்டு கேட்பார்களா?” என்றார்.

ஸ்வர்ணா மாப்பிள்ளை வீட்டு முறுக்கு என்றால் என்ன என்று விளக்கினாள். வாசலில் நிற்பது, முறையாக அழைக்கவில்லை என்று சொல்வது, கெஞ்ச வைப்பது. கிழவரின் முகம் மலர்ந்ததை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். அவர்கள் ஊரிலும் இதே கதைதானாம். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கல்யாணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுத் தெருவுக்கு வருவார்கள். வீட்டுக்கு முன்னால் வந்ததும் நகர மாட்டார்கள். நடுத்தெருவில் உட்கார்ந்து கத்துவார்கள். பெண் வீட்டார் வந்து உபசரித்து, இழுத்து, காலில் விழாத குறையாகக் கூப்பிட்டால்தான் அடுத்த அடி. அவருடைய இளவயதில் அந்தப் பெட்டி தூக்குவதில் அவர்தான் பெயர் போனவராம். ஒரு தடவை விடியும் வரை நகரவில்லையாம்.

“என் பேத்தி முகத்தைப் பற்றிச் சொன்னது இவன்தானா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். பழைய டிரை கிளீனிங் சிநேகிதர்களுக்கு உடனே போன் போட்டார்.

மாநாட்டு நாள் வெயில் கொளுத்தியது. எடிசன் பக்கத்து மாநாட்டு மண்டபத்தின் உள்ளே நாலு மாநிலத் தமிழர்கள் பட்டு உடுத்திக் காத்திருந்தார்கள். மேடையில் மணவறை, மணவறையில் மாநிறப் பொம்மை, பொம்மைக்குப் பக்கத்தில் சாந்தாமணி, காலர் மைக்கோடு. மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் வந்து கார் நிறுத்துமிடத்தின் நடுவில் இறங்கினார்கள். ஜுன்ஹோ வாடகை ராஜ உடையில் வியர்த்துக்கொண்டிருந்தான். மாமனாரின் சிநேகிதர்கள் பெரிய பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து, கூடாரம் விரித்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்லி டீயைத் திறந்தார்கள்.

பத்ரி ஓடிவந்தார். “உள்ள வாங்க, முகூர்த்தத்துக்கு டைம் ஆச்சு.”

“முறையா கூப்பிடல,” என்றாள் ஸ்வர்ணா.

பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த தென்றல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

பத்ரி உள்ளே போய் நாதஸ்வரத்தை அனுப்பினார். அது ஸ்பீக்கர் பெட்டியில் வந்த நாதஸ்வரம். ஒரு பையன் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான். எங்க சைடுல ஆளு வந்திருக்கு, உங்க சைடுல ரெக்கார்டா, முறையா கூப்பிடல என்றாள். காபி வந்தது. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். அந்த ஒரு செய்கையில் பெரியப்பாவே எழுந்து வந்துவிட்டதாக ஸ்வர்ணாவுக்குத் தோன்றியது. மூன்று தாய்மாமன்களும் தட்டோடு வந்தார்கள். யார் தட்டை முதலில் நீட்டுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு முற்றி, ஒருவர் டல்லாஸுக்கே திரும்பிப் போகிறேன் என்றார். அண்ணன்மார், சான்டா கிளாராக்காரர்கள், இதை ஒரு பிரச்சினையாகப் பதிவு செய்து அடுத்த வருஷ மாநாட்டில் தீர்த்துவிடலாமா என்று கேட்டார்கள். ஸ்வர்ணா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

உள்ளேயிருந்து ஜனங்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். மாநாட்டுக்கு வந்த பிறகு அவர்களுக்கு முதன்முதலாக ஒரு நிகழ்ச்சி பிடித்திருந்தது. கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். “மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேக்கறதுல என்ன தப்பு? பொண்ணு வீட்டுக்காரரு ஏன் இன்னும் வெளிய வரல?” என்று ஒரு மாமா சத்தம் போட்டார். வெயிலில் நின்ற நாலைந்து பேர் சரியென்று தலையாட்டினார்கள். பட்டிமன்ற நடுவர் ராமசுப்ரமணியன் சமரசம் பேச வந்து, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தொடங்கினார். அந்த மாமா அவரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்; கொரியப் பெரியவர் ஒருவர் அவருக்கும் ஒரு டீ கொடுத்தார்.

ஸ்வர்ணா போனை எடுத்துப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஜுன்ஹோவிடம் சொன்னாள்: “வடக்கத்திக்காரங்க அவங்க சிலை திறப்புக்கு முறையாத்தான் கூப்பிடறாங்க. பத்து நிமிஷம் டிரைவ்தானாம்.”

செல்வராஜ் வெளியே வந்தார். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, ஒரு கையில் பழத்தட்டு. இன்னொரு கையில் கார்ட்லெஸ் மைக். மைக் இல்லாமல் வெளியே வர அவருக்குத் தெரியாது. அவர் பேசுவது மண்டபத்துக்குள்ளேயும் லைவிலும் போய்க்கொண்டிருந்தது.

“கடல் கடந்து சென்ற எம் குலக்கொழுந்தின் கரம்பற்றக் காயா நாட்டிலிருந்து எழுந்தருளிய...”

“மேடைப் பேச்சு வேண்டாம் அங்கிள். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க. ஒருத்தர் விடாம பேர் சொல்லி.”

செல்வராஜ் மூச்சை இழுத்துக்கொண்டார். நெற்றியில் சந்தனம் கரைந்து வழிந்தது. ஜுன்ஹோவைக் கூப்பிட்டார். மாமனார் கிம்மைக் கூப்பிட்டார். பெயர் தப்பு என்று கிழவர் இரண்டு தடவை திருத்தினார். டிரை கிளீனிங் சிநேகிதர்கள் ஒவ்வொருவரையும், அவர்கள் சொல்லச் சொல்ல, கூப்பிட்டார். ஜுன்ஹோவின் அம்மாவை, ஸ்வர்ணாவைக் கூப்பிட்டார். போதும் என்று நினைத்துத் தட்டை நீட்டினார்.

“இன்னும் ஒருத்தர் இருக்காங்க,” என்றாள் ஸ்வர்ணா.

செல்வராஜ் தென்றலைப் பார்த்தார். “பாப்பா... நீயும் வாம்மா. உன் பேர் என்னம்மா?”

“தென்றல்,” என்றாள் ஸ்வர்ணா. “இவ யாரு அங்கிள்? மைக்ல சொல்லுங்க.”

“நம்ம புள்ளதாம்மா. இதெல்லாம் கேக்கணுமா?”

“ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கல்ல, முகத்தப் பாத்தா நம்ம புள்ள மாதிரி இல்லன்னு வரிசைல இருந்து வெளிய அனுப்புனீங்க. அன்னிக்கு அவளுக்கு ஆறு வயசு. இப்பக் கிட்ட வந்து முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

வெளியே நின்ற கூட்டம் இன்னும் கிட்டே நெருங்கியது. மண்டபத்துக்குள் இருந்த கூட்டத்துக்கும் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாபகம் வந்ததா இல்லையா என்று செல்வராஜின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிஷ தூரத்தில் வடக்கத்திக்காரர்கள் இருந்தார்கள். அவர் தட்டும் மைக்குமாகவே தார்த்தரையில் மண்டியிட்டார். தென்றலின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, மைக்கில், நல்ல கணீர்க் குரலில் சொன்னார்:

“நம்ம புள்ளதான். பாத்தாலே தெரியுதே. இதுதான்யா தமிழ் முகம்!”

வெளியேயும் உள்ளேயும் கைதட்டல் எழுந்தது. ஸ்வர்ணா இரண்டு வருஷமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அது. கேட்டாகிவிட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கு இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இனித்தது. அப்புறம் செல்வராஜ் கைதட்டலுக்குத் தலையாட்டுவதைப் பார்த்தாள். இந்த மனிதர் ஒரு முகூர்த்தத்துக்காக எந்த முகத்தையும் தமிழ் முகம் என்பார். கொஞ்ச நாள் முன்னால்தான் துணிக்கடைப் பொம்மையைச் சொன்னார். இவர் வாயால் வாங்கின பட்டத்தை வீட்டில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. வாய் அடைத்துக்கொண்டது.

செல்வராஜ் இன்னும் மண்டியிட்டபடியே, காமெரா இருக்கும் பக்கம் லேசாகத் திரும்பி, மைக்கைக் குழந்தையிடம் நீட்டினார். “என்னம்மா தென்றல், மாமா கூப்பிடறேன். உள்ள போலாமா?”

எல்லோரும் தென்றலைப் பார்த்தார்கள். அவள் செல்வராஜின் முகத்தைப் பார்த்தாள். நிதானமாக, நெற்றிச் சந்தனத்திலிருந்து முகவாய் வரைக்கும், ஏதோ பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மைக்குக்கு வாயைக் கொண்டுபோய், இரண்டு வருஷமாகப் பேசாத தமிழில் சொன்னாள்:

“முறையா கூப்பிடல.”

மாமனார் கிம் எழுந்து தன் மடக்கு நாற்காலியை மடக்கினார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் காலையிலிருந்து கேட்டுக்கேட்டு அந்த இரண்டு வார்த்தை மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. சிநேகிதர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கூடாரம் சுருண்டது. ராமசுப்ரமணியன் கையிலிருந்த டீக் கோப்பையைப் பணிவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜுன்ஹோ கிரீடத்தைக் கழற்றித் தென்றல் தலையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். வடக்கத்திக்காரர்கள் இருந்த பக்கம் போகாமல், பாலிசேட்ஸ் பார்க்கில் சாப்பிட இடதுபக்கம் திரும்பினான்.

செல்வராஜ் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் மைக்குமாகத் தார்த்தரையில் மண்டியிட்டபடி இருந்தார். எழுந்திருக்க ஒரு கை வேண்டும். எதைக் கீழே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது.

மண்டபத்துக்குள்ளே, மணவறையில், மாநிறப் பொம்மை நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் காலையிலிருந்து பெண்ணைப் பெற்றவளாக உட்கார்ந்திருந்த சாந்தாமணி எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டிருந்தாள். தோளில் சரிந்த பொம்மையின் மாலையைச் சரிசெய்துகொண்டே, தனக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்துச் சொன்னாள்:

“பேச்சக் கேட்டா, அச்சு அசலா நம்ம புள்ள மாதிரிதான் இருக்கு.”

காலர் மைக் போட்டிருந்ததை அவள் மறந்துவிட்டாள். அதுவும் லைவில் போயிற்று.